தடுப்பூசியில் விடுபடும் குழந்தைகள்

கிராம வளர்ச்சி என்று சொன்னவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை சாலையும், சிறுபாலமும், மேல்நிலை நீர்த்தொட்டியும், பள்ளிக் கட்டடமுமே ஆகும். இவை கண்ணுக்குத் தெரிவன. திறப்பு விழாவுக்கும் உரியன. ஆனால் வெற்றி பெற்றால் ஊரில் ஒன்றுமே நிகழாமற் போகும் பணி ஒன்றும் உண்டு. கக்குவான் இருமலின் ஓசை கேட்பதில்லை. இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய பிள்ளை தென்படுவதில்லை. பச்சிளங் குழந்தை ரணஜன்னி கண்டு விறைப்பதில்லை. நிகழாத ஒன்றுக்கு விழா எடுப்பவர் யார்? ஆகவேதான் தடுப்பூசிப் பணியைச் சுகாதாரத் துறையினரின் வேலை என்று சொல்லிவிட்டு, வட்டார வளர்ச்சிப் பணியாளர்களாகிய நாம் நமது கோப்புகளுக்குத் திரும்பிவிடுகிறோம். நாங்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தோம். அப்பணியில் பாதிக்கு மேற்பட்ட இடையூறுகள் ஊசியைச் சார்ந்தவை அல்ல, ஊரைச் சார்ந்தவை என்பது பின்னரே விளங்கிற்று. ஊரைச் சார்ந்தவை யாவும் நம்மைச் சார்ந்தவையே.

நம் பகுதிக்குத் தடுப்பு முறை புதியதன்று. பெரியம்மைக்கு உரிய அம்மைப்பால் தயாரிப்பதற்கென்று 1899-இல் தோன்றியதே கிண்டியிலுள்ள கிங் நிலையம். வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்வதற்காகக் குன்னூரில் 1907-இல் பாஸ்டியர் நிலையம் ஏற்பட்டது. பின்னாளில் முத்தடுப்பு ஊசி மருந்தும் அங்கே உற்பத்தியாயிற்று. காசநோய்த் தடுப்புக்குரிய பி.சி.ஜி. மருந்துக் கூடம் 1948-இல் கிண்டியில் அமைந்தது. மருந்துக்கு நம்மிடையே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பஞ்சமில்லை என்றே சொல்லலாம். அதை ஏற்கும் மனத்துக்குத்தான் நெடுங்காலம் பிடித்தது. அம்மை குத்துகிறவர் ஊர் எல்லையில் தலை காட்டியதும், தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சோளக்கொல்லைக்குள் ஓடி ஒளிந்த கதையை முதியோர் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். மாரியம்மன் முத்துப் போட்டிருக்கும்போது மனிதன் குறுக்கே கத்தி வைப்பதா என்பது அவர்களது அச்சம். அந்த அச்சத்தை ஏளனம் செய்தவர்கள் தோற்றார்கள். அதனோடு பொறுமையாகப் பேசியவர்கள் வென்றார்கள்.

பெரியம்மையை ஒழித்த வரலாற்றில் நாம் கற்க வேண்டிய பாடம் வேறொன்றும் உண்டு. ஊர் முழுவதற்கும் மொத்தமாகக் குத்திவிட்டால் போதும் என்று பல ஆண்டுகள் முயன்றும் நோய் அடங்கவில்லை. இத்தனை கோடிப் பேருக்குக் குத்தியாயிற்று என்ற கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. 1973-இல் தொடங்கிய தீவிர இயக்கத்தில் முறையையே மாற்றினார்கள். வீடு வீடாகச் சென்று நோய் கண்ட வீட்டைத் தேடினார்கள். கண்டவுடன் அவ்வீட்டாருக்கும் சுற்றியிருந்தோருக்கும் அம்மை குத்தி நோய்க்கு அணை போட்டார்கள். இரண்டே ஆண்டுகளில், 1975 மே மாதத்திற்குப் பின், இந்நாட்டில் பெரியம்மை இல்லாமற் போயிற்று. 1980-இல் உலகமே அதினின்று விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. குத்தப்பட்டவரை எண்ணுவதைக் காட்டிலும் குத்தப்படாதவரைத் தேடுவதே மேல் என்பது அன்று தெளிந்த உண்மை. ஆனால் நமது மாதாந்திர அறிக்கைகள் இன்றைக்கும் போடப்பட்ட ஊசிகளைத்தான் எண்ணுகின்றன!

இனித் தமிழ்நாட்டின் நிலையைப் பார்ப்போம். இந்தியாவில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978-இலும், அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985-இலும் தொடங்கின. அவற்றில் முன்வரிசையில் நின்ற மாநிலங்களில் நமதும் ஒன்று. ஒரு வயது நிறைந்து இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தும் பெற்றவர் 1998–99-ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 89 விழுக்காடு. 2005–06-இல் இது 80.9 ஆகவும், 2015–16-இல் 69.7 ஆகவும் இறங்கியது. 2019–21-இல் மீண்டும் 89.2 ஆயிற்று. இருபது ஆண்டுகளில் ஒரு பள்ளத்தில் இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே ஏறி வந்திருக்கிறோம்.

இப்பள்ளத்தின் காரணங்களுள் ஒன்று எல்லாரும் அறிந்ததே. 2008 ஏப்ரல் மாதத்தில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டபின் நான்கு குழந்தைகள் இறந்தன. நாடே திடுக்கிட்டது. அதன்பின் ஊர் ஊராகச் சென்று ஊசி போடும் முறை நிறுத்தப்பட்டு, மருத்துவர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டுமே போடுவது என்றாயிற்று. குழந்தைகளின் பாதுகாப்பைக் கருதிச் செய்த ஏற்பாட்டை நாம் குறை கூறுவதற்கில்லை. எனினும் அதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். அதுவரை அங்கன்வாடி வாசலில் கிடைத்த ஊசிக்காகத் தாய் ஒருத்தி கைக்குழந்தையுடன் ஏழெட்டுக் கிலோமீட்டர் பேருந்தில் செல்ல வேண்டியதாயிற்று. ஒரு நாள் கூலி போயிற்று. மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்வியும் எழுந்தது. செல்ல இயன்றவர் சென்றனர். இயலாதவர் அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டனர். பின்னர் ஊர்தோறும் ஊசி போடும் முறை மீண்டும் வந்தது. 2008-க்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டதை மேற்சொன்ன கணக்கே காட்டுவதால், அந்நிகழ்ச்சி ஒன்றின் மேலேயே பழி முழுவதையும் சுமத்துவது நியாயமாகாது. முதலிடத்தில் இருக்கிறோம் என்ற மன நிறைவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது எமது கருத்து.

நூற்றுக்கு எண்பத்தொன்பது என்றால் நல்ல மதிப்பெண்தானே என்று நேயர்கள் கேட்கலாம். பள்ளித் தேர்வுக்கு நல்ல மதிப்பெண்தான். மணல்வாரி என்று நம் மக்கள் சொல்லும் தட்டம்மைக்கு அது போதாது. தடுப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அந்நோயைத் தரக்கூடும். அது பரவாதிருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது தடுப்பாற்றல் பெற்றிருத்தல் வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓரிடத்தில் ஆண்டுக்கு நூறு குழந்தைகள் பிறப்பதாகக் கொள்வோம். ஒன்பதாம் மாதத்தில் தொண்ணூறு பேருக்கு ஊசி போட்டாயிற்று. அவ்வயதில் போடும் முதல் ஊசி நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கே பலன் தரும். ஆக, தொண்ணூறு பேரில் பாதுகாப்புப் பெற்றவர் எழுபத்தாறு அல்லது எழுபத்தேழு பேர். எஞ்சியோர் இருபத்துமூன்று பேர். மறு ஆண்டு இன்னொரு இருபத்துமூன்று. அதற்கடுத்த ஆண்டு மற்றோர் இருபத்துமூன்று. நான்கு ஆண்டுகள் முடியும்போது, ஓராண்டில் பிறந்த குழந்தைகள் முழுவதற்கும் ஏறக்குறைய ஈடான ஒரு கூட்டம் பாதுகாப்பின்றி நிற்கிறது. அந்த நான்கு ஆண்டுகளும் ஊரில் நோயே இராது. அதிகாரிகள் மகிழ்ந்திருப்பர். எங்கிருந்தோ ஒரு விருந்தாளிக் குழந்தை காய்ச்சலுடனும் சிவந்த கண்களுடனும் வந்து இறங்கும் நாளில்தான் அக்கூட்டம் எவ்வளவு பெரிது என்பது தெரியவரும். பதினாறு முதல் இருபத்துநான்கு மாதத்திற்குள் இரண்டாம் ஊசி ஒன்று வைத்திருப்பது முதலாவதில் பலன் பெறாதவர்களை மீட்பதற்கே. ஆனால் குழந்தை ஓடியாடத் தொடங்கியபின் தாயும் மறந்துவிடுகிறாள், நாமும் மறந்துவிடுகிறோம். ஊசிகளுள் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது இந்த இரண்டாம் ஊசியே.

விடுபடுகிறவர்கள் யார் என்பதே அடுத்த கேள்வி. தடுப்பூசியே கூடாது என்று கொள்கையாகச் சொல்பவர்கள் எமது வட்டாரத்தில் மிகச் சிலரே. மற்றவர்கள் யாவரும் ஏதோ ஓர் இடைவெளியில் விழுந்தவர்கள். அந்த இடைவெளிகளுள் பெரியது நமது பழக்கவழக்கத்திலேயே இருக்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் குடும்பங்களின் மரபு. வளைகாப்பு முடிந்து ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் பெண் தாய் வீடு செல்கிறாள். அங்கே மகப்பேறு நிகழ்கிறது. பிறந்தவுடன் போட வேண்டிய பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி ஆகியவை அவ்வூர் மருத்துவமனையில் போடப்படுகின்றன. ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் ஆகிய தவணைகளுக்கும் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறாள். பின்பு நல்ல நாள் பார்த்துக் குழந்தையைத் தகப்பன் வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். ஒன்பதாம் மாத ஊசிக்குரிய நாள் வரும்போது, தாய் வீட்டூரின் கிராம சுகாதாரச் செவிலியர் 'குழந்தை இவ்விடம் இல்லை' என்று எழுதுகிறார். புகுந்த வீட்டூரின் செவிலியருடைய ஏட்டில் அப்படியொரு குழந்தையே இல்லை. இரண்டு ஏடுகளுக்கும் இடையில் குழந்தை காணாமற் போகிறது. இத்தனைக்கும் அக்குழந்தை தன் பாட்டனாரின் திண்ணையில் நலமாகத் தவழ்ந்துகொண்டிருக்கும்.

கருவுற்ற பெண்களைப் பதிவு செய்து எண் வழங்கும் கணினி முறை தமிழ்நாட்டில் 2008-இலிருந்தே உண்டு. பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்கிறோம். எண் ஒன்றாக இருப்பதால் எந்த ஊரிலிருந்தும் தேடி எடுக்க இயலும் என்பது உண்மையே. ஆனால் தேடுவதற்கு, குழந்தை வந்திருக்கிறது என்ற செய்தி முதலில் செவிலியரை எட்டியாக வேண்டும். செவிலியர் ஒருவர் பொதுவாக ஐயாயிரம் மக்களுக்குப் பொறுப்பானவர். அவரது துணைச் சுகாதார நிலையத்துக்குள் நான்கு சிற்றூர்கள் இருக்கலாம். கடைக்கோடித் தெருவில் ஒரு மருமகள் குழந்தையோடு வந்து இறங்கியதை அவர் எவ்வாறு அறிவார்? அதை அன்று மாலைக்குள் அறிந்துவிடுபவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். அவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் உறுப்பினர், அங்கன்வாடிப் பணியாளர், தூய்மைக் காவலர், குழாயடியில் நீர் பிடிக்கும் பெண்கள் ஆகியோர். இவர்களில் பெரும்பாலோர் ஊராட்சியோடு தொடர்புடையவர்கள். ஊராட்சி செய்யக்கூடிய முதல் உதவி இச்செய்தியைக் கொண்டு சேர்ப்பதே. இதற்குச் செலவு ஒரு ரூபாயும் இல்லை.

இரண்டாம் வகையினர் இடம் பெயர்ந்து வாழும் உழைப்பாளர்கள். செங்கல் சூளைக் குடும்பங்கள் தை மாதத்துக்கு முன்பின்னாக வந்து, மழை தொடங்கும்வரை சூளையருகே குடிசை போட்டிருக்கும். கரும்பு வெட்டும் குழுக்கள் ஆலையின் பருவத்தை ஒட்டிச் செல்வர். ஆட்டுக்கிடை போடுவோர் அறுவடைக்குப் பிந்திய வயல்களைத் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம் நடப்பர். வெளி மாநிலத்திலிருந்து வந்து கோழிப்பண்ணையிலும் நூற்பாலையிலும் தங்கியிருப்போரும் இன்று உளர். இவர்களது பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லை. வீட்டுவரிப் பதிவேட்டிலும் இல்லை. ஆனால் சூளைக்கும் பண்ணைக்கும் உரிமம் நமது அலுவலகத்தைத் தொட்டுத்தானே செல்கிறது? எங்கே எத்தனை குடும்பங்கள் தங்கியுள்ளன என்று அவற்றின் உரிமையாளரைக் கேட்டு, அப்பட்டியலை வட்டார மருத்துவ அலுவலருக்கு அனுப்புவது ஒரு மணி நேர வேலை. நாங்கள் முதல் முறை கேட்டபோது ஒரு சூளை உரிமையாளர், 'இதை வைத்து என்மேல் வழக்குப் போடப் போகிறீர்களா?' என்று அஞ்சினார். குழந்தைகளுக்கு ஊசி போட மட்டுமே என்பதை விளக்கியதும், செவிலியர் வரும் நாளில் அரை நாள் வேலையை நிறுத்தி வைப்பதாகத் தாமாகவே ஒப்புக்கொண்டார்.

மூன்றாம் வகையினர் ஒரு முறை வந்து மறுமுறை வராதவர்கள். இவர்களை அறியாமையுடையோர் என்று எழுதிவிடுவது எளிது. எமது வட்டாரத்து மூதாட்டி ஒருவர் சொன்னதைக் கேளுங்கள். "ஊசி போட்டா ராத்திரி முழுக்கப் புள்ளைக்குச் சுரம் அடிக்குது நர்சம்மா. விடியக்காலம் எம்மருமவ களையெடுக்கப் போவணும். நான் ஒருத்தி கெடந்து என்ன பண்றது?" இதில் அறியாமை எங்கே இருக்கிறது? பென்டாவேலன்ட் என்னும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் கக்குவான் இருமலுக்குரிய மருந்தும் அடங்கியுள்ளது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் இவ்வூசி முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. அது போட்ட அன்று காய்ச்சலும் வலியும் காண்பது இயல்பு. ஓரிரு நாளில் தணியும். இதை முன்கூட்டியே சொல்லி, செவிலியர் தரும் மாத்திரையை எவ்வளவு, எப்போது கொடுப்பது என்றும் சொல்லிவிட்டால், வரும் காய்ச்சல் எதிர்பார்த்த விருந்தாளியாகிவிடும். சொல்லாமல் விட்டாலோ, அதுவே அடுத்த தவணைக்குத் தடையாக நிற்கும். பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரங்கள் கழித்துச் சிறு கொப்புளம் எழும்பிப் புண்ணாகித் தழும்பாவதும் இத்தகையதே. அதற்கு மருந்து தடவ வேண்டியதில்லை.

இன்ன ஊசி இன்ன நோய்க்கு, இன்ன தொந்தரவு வரலாம், அடுத்த தவணை இன்ன நாள், அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள் என்ற நான்கு செய்திகளையும் ஒவ்வொரு தாய்க்கும் சொல்ல வேண்டும் என்பது செவிலியர்களுக்குப் பயிற்சியிலேயே கற்பிக்கப்படுகிறது. நாற்பது குழந்தைகள் வரிசையில் அழுதுகொண்டிருக்கையில் அந்நான்கில் மூன்று தொண்டையிலேயே நின்றுவிடுகின்றன என்பதை எந்தப் புதன்கிழமையன்றும் நேரிற் காணலாம். ஊசி போட்டபின் அரை மணி நேரம் தாயும் சேயும் அங்கேயே காத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த அரை மணியில் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஒருவர் உடன் அமர்ந்து இச்செய்திகளைப் பேசுமாறு எங்கள் வட்டாரத்தில் சில ஊராட்சிகளில் ஏற்பாடு செய்தோம். பிள்ளை வளர்த்த பெண் ஒருத்தி சொல்வதை மற்றொருத்தி கேட்கும் முறையே வேறு.

வதந்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தட்டம்மை–ரூபெல்லாத் தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை உள்ள பிள்ளைகள் அனைவருக்கும் போட வேண்டும் என்பது திட்டம். கைப்பேசி வழியே பொய்ச்செய்திகள் காட்டுத்தீப் போலப் பரவின. பள்ளிக்கு ஊசி போட வருகிறார்கள் என்று அறிந்த பெற்றோர் பிள்ளைகளை அன்று அனுப்பாமல் வைத்துக்கொண்டனர். குறித்த காலத்தில் முடிக்க இயலாமல் நாளை நீட்டிக்க வேண்டியதாயிற்று. இதிலே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அச்சம் கூரை வீடுகளைவிட, கைப்பேசியும் கல்வியும் உள்ள வீடுகளிலேயே மிகுதியாகக் காணப்பட்டது. படிக்காதவர்தான் மறுப்பர் என்ற நமது பழைய எண்ணம் அத்துடன் தகர்ந்தது. வதந்தி பிறந்தபின் மறுப்பு அறிக்கை விடுவதால் பெரும் பயன் விளைவதில்லை. இயக்கம் தொடங்கு முன்பே பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் மருத்துவ அலுவலரை நிறுத்தி, கேட்க வேண்டியதையெல்லாம் கேளுங்கள் என்று விட்டிருந்தால், பாதி அச்சம் அங்கேயே கரைந்திருக்கும்.

எங்கள் தவறு ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்வது முறை. கிராம சபைக் கூட்டத்தில் தடுப்பூசி விடுபட்ட குழந்தைகளின் பெயர்களை வாசித்தால் பெற்றோர் விழிப்படைவர் என்று எண்ணி, ஓர் ஊராட்சியில் அவ்வாறே செய்யச் சொன்னோம். பதினொரு பெயர்கள் வாசிக்கப்பட்டன. கூட்டத்திலிருந்த இளந்தாய் ஒருவர் முகம் சிவக்க எழுந்து போய்விட்டார். பின்பு செவிலியர் அவர் வீட்டுக்குச் சென்றபோது கதவு திறக்கப்படவில்லை. குழுத் தலைவி ஒருவர் தனியே போய்ப் பேசியதில் உண்மை வெளிப்பட்டது. குழந்தைக்குப் பதினான்காம் வார ஊசிவரை யாவும் தாய் வீட்டூரில் முறையாகப் போடப்பட்டிருந்தன. அட்டையும் அங்கே அலமாரியில் இருந்தது. விடுபட்டது குழந்தைக்குரிய ஊசியன்று, எங்கள் ஏட்டில் இருக்க வேண்டிய பதிவே. அதற்காக ஊரார் நடுவே ஒரு பெண்ணைத் தலைகுனியச் செய்தோம். அன்றிலிருந்து கிராம சபையில் எண்ணிக்கையை மட்டும் சொல்கிறோம். பெயர்கள் செவிலியரின் கையோடு நின்றுவிடுகின்றன. அந்தத் தாய் பிறகு இரண்டாம் தட்டம்மை ஊசிக்குத் தாமாகவே வந்தார். நாங்கள் அங்கிருந்தபோதும் எங்களைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

மருந்தைக் கெடாமல் காப்பதிலும் ஊராட்சிக்குப் பங்கு உண்டு. தடுப்பு மருந்துகள் 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு குளிரில் இருத்தல் வேண்டும். வெப்பம் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். மிகுந்த குளிரும் கெடுக்கும் என்பது சிலருக்கே தெரியும். பென்டாவேலன்ட், மஞ்சள் காமாலை, ரணஜன்னி ஊசி மருந்துகள் ஒரு முறை உறைந்துவிட்டால் பயனற்றுப் போகும். குப்பியின்மேல் ஒட்டியுள்ள வட்டத்துக்குள் ஒரு சிறு சதுரம் உண்டு. சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் வெப்பத்தால் மருந்து கெடவில்லை என்று பொருள். வட்டத்தின் நிறத்தையோ அதைவிடக் கறுத்த நிறத்தையோ அடைந்துவிட்டால் பயன்படுத்தலாகாது. எழுத்தறியாத தாயும் பார்த்து அறியக்கூடிய இந்த அடையாளத்தை ஊர்ப்பெண்களுக்குக் காட்டிக்கொடுப்பது நல்லது. தட்டம்மை–ரூபெல்லா மருந்தும் பி.சி.ஜி.யும் பொடியாக வருவன. உரிய நீர்மத்தில் கரைத்தபின் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இதனால் ஒரே ஒரு குழந்தை வந்திருக்கும் நாளில், பலருக்குரிய குப்பியைத் திறப்பதா, மருந்து வீணாகுமே என்ற தயக்கம் எழுவதுண்டு. அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லியனுப்பப்பட்ட குழந்தை அடுத்த வாரம் வருவதில்லை. மருந்து வீணானால் கணக்கில் தெரியும். குழந்தை விடுபட்டால் கணக்கில் தெரியாது. இவ்விரண்டில் எது பெரிய இழப்பு என்பதில் எமக்கு ஐயமில்லை.

பெரியவர்களைப் பற்றியும் சில வார்த்தைகள். தடுப்பூசி குழந்தைகளுக்கு மட்டும் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியுள்ளது. ரணஜன்னியை எடுத்துக்கொள்வோம். மற்ற நோய்களில் அண்டை வீட்டார் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் நமக்கும் ஓரளவு காப்பு உண்டு. ரணஜன்னிக் கிருமியோ மண்ணில் வாழ்வது. மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தொற்றுவதன்று. ஊரில் தொண்ணூற்றொன்பது பேர் போட்டுக்கொண்டாலும், போடாத ஒருவரின் காலில் மண்வெட்டி பட்டால் அவருக்கு ஒரு காப்பும் இல்லை. கருவுற்ற தாய்மாருக்கு இவ்வூசி தவறாமல் போடப்பட்டதும், மகப்பேறுகள் மருத்துவமனைக்கு மாறியதுமே, பச்சிளங் குழந்தைகளைக் கொன்றுவந்த ரணஜன்னி 2015-இல் இந்தியாவில் கட்டுக்குள் வந்ததாக அறிவிக்கப்பட்டதற்குக் காரணம். ஆனால் வயலில் இறங்கும் ஐம்பது வயது ஆண் கடைசியாக எப்போது ஊசி போட்டுக்கொண்டார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் என்பார். இதன் காப்பும், தொண்டை அடைப்பானுக்குரிய காப்பும் காலப்போக்கில் குறைந்துவிடும். அதனாலேயே பத்து வயதிலும் பதினாறு வயதிலும் இரண்டும் சேர்ந்த டி.டி. ஊசி பள்ளிகளில் போடப்படுகிறது. கல்வியிலும் நல்வாழ்விலும் முன்னிற்கும் அண்டை மாநிலமான கேரளத்திலேயே, 2016-இல் மலப்புரம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் மீண்டும் தலைதூக்கி உயிர்ப்பலி கொண்டது.

கொரோனாத் தடுப்பூசியில் நாம் கண்டதும் நினைவில் வைக்கத்தக்கது. 2021 ஜனவரி 16-ஆம் நாள் அது தொடங்கியபோது நம் மக்கள் தயங்கினர். ஏப்ரல் மாதத்தில் நடிகர் விவேக் அவர்கள் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் காலமானது அத்தயக்கத்தைப் பெரிதாக்கிற்று. அவரது மறைவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தேசிய அளவிலான நிபுணர் குழு அவ்வாண்டு அக்டோபரில் முடிவு தெரிவித்தது. ஆறு மாதம் கழித்து வந்த அம்முடிவைச் செய்தியைக் கேட்டவர்களில் எத்தனை பேர் கேட்டனர்? மே மாதத்தில் நோயின் இரண்டாம் அலை வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. வரிசைகள் நீண்டன, மருந்து போதவில்லை. செப்டம்பர் 12-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை 40,000 இடங்களில் ஒரே நாளில் நடந்த மாபெரும் முகாமில் 28 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டனர். இடம் அருகில் இருந்ததும், வேலை இழப்பு இல்லாத நாளாக இருந்ததும் அதற்குப் பெருங் காரணங்கள். பின்பு சில முகாம்களுக்குள்ளேயே ஞாயிறு சனியாக மாற்றப்பட்டது. ஞாயிறன்று புலாலும் மதுவும் உண்போர், அந்நாளில் ஊசி கூடாது என்று ஒதுங்கியதே காரணமாம்! இதைக் கேட்டு நகைப்போர் நகைக்கலாம். நாங்களோ, மக்கள் ஏன் வரவில்லை என்று ஆராய்ந்து, நாளையே மாற்றிய அந்த நெகிழ்ச்சியைப் பாராட்டுகிறோம். புதன்கிழமை காலை பத்து மணி என்பது செவிலியருக்கு வசதியான நேரம். களை பறிக்கும் பருவத்தில் எந்தத் தாய்க்கு அது வசதி? எமது வட்டாரத்தில் இரண்டு சிற்றூர்களில் நடவுக் காலத்தில் மட்டும் மாலை நான்கு மணிக்கு மாற்றித் தருமாறு மருத்துவ அலுவலரைக் கேட்டுக்கொண்டோம், அவரும் இசைந்தார்.

இப்போது நாங்கள் கைக்கொண்டிருக்கும் முறை எளியது. மாதத்தின் கடைசி வாரத்தில் ஒவ்வொரு ஊராட்சியிலும் அங்கன்வாடிப் பணியாளரும், சுய உதவிக் குழுவின் பிரதிநிதியும், ஊராட்சிச் செயலரும், செவிலியரும் அரை மணி நேரம் கூடுகின்றனர். அம்மாதத்தில் ஊருக்குள் புதிதாக வந்த கைக்குழந்தைகள், ஊரைவிட்டுச் சென்றவர்கள், சூளைக்கோ பண்ணைக்கோ வந்து தங்கியவர்கள் ஆகிய மூன்று கேள்விகள் மட்டும் கேட்கப்படுகின்றன. செவிலியர் தம் தவணைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். சென்ற குழந்தை எந்த ஊருக்குச் சென்றதோ அவ்வூர்ச் செவிலியருக்கு அங்கிருந்தே கைப்பேசியில் தகவல் போகிறது. முதல் கூட்டத்தில் ஒரு ஊராட்சியில் பட்டியலில் இல்லாத குழந்தைகள் மூவர் அகப்பட்டனர். இருவர் தாய் வீட்டிலிருந்து வந்தவர்கள். மூன்றாவது குழந்தை, கிடைக்காரக் குடும்பத்தது. பதினான்கு மாதமாகியும் பிறந்தபோது போட்டதற்குமேல் ஊசி எதுவும் போடப்படவில்லை. தவணை கடந்துவிட்டதே, இனிப் பயனுண்டா என்று தகப்பன் கேட்டார். தாமதமானாலும் தொடரலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்று செவிலியர் விளக்கி, அந்த வயதுக்கு இனிப் போடக்கூடிய ஊசிகளை அட்டையில் எழுதிக்கொடுத்தார். அடுத்த தவணை வருவதற்குள் கிடை எந்தப் பக்கம் போகும் என்று கேட்டு, அவ்வூரின் பெயரையும் அதே அட்டையின் ஓரத்தில் குறித்துவைத்தார்.